கவருக்குள் போன முதுகு

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் முதுகு வலிக்காத ஆள் ஒருவரைக் காட்டு என்றால், தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைத்தான் காட்ட வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் தறிப்பள்ளத்தில் காலைத் தொங்கப்போட்டுக் குனிந்து குனிந்து நாடா தள்ளிப் பட்டு நெய்கிறவர்கள். அந்தத் தெருக்களில் முதுகுவலி பங்காளி மாதிரி. வந்தால் வா என்பார்கள், போனால் போ என்பார்கள். மயில்வாகனமும் இருபத்தைந்து வருஷம் அப்படித்தான் இருந்தார். ஆனால் 2004-ஆம் வருஷத்து ஐப்பசியில் வந்தது பங்காளி இல்லை, ஜப்தி செய்ய வந்த கோர்ட்டு அமீனா. நாலு தரம் நாடா ஓடுவதற்குள் இடுப்பிலிருந்து தொடை வரைக்கும் சுண்டி இழுத்தது. அவரைப் பள்ளத்திலிருந்து வெளியே தூக்க, மனைவி வடிவாம்பாளும் பக்கத்து வீட்டுத் துரைக்கண்ணுவும் ஆளுக்கொரு கை கொடுக்க வேண்டியிருந்தது.

வயசு நாற்பத்தெட்டு. தறியைத் தவிர வேறு தொழில் தெரியாது. நடக்கலாம், நிற்கலாம், படுக்கலாம். உட்கார மட்டும் முடியாது என்றால், அந்த மனுஷன் என்னதான் செய்வான்? மயில்வாகனம் கடவுளிடம் மாடி வீடு கேட்கவில்லை. மறுபடியும் பள்ளத்தில் உட்கார்ந்து ஒரு சேலையை முடிக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டார். அதற்குள் திருப்புட்குழியில் எண்ணெய்க் கட்டு, தேரடியில் மாத்திரை, துரைக்கண்ணு சொன்ன நொச்சி ஒத்தடம் எல்லாம் ஆகிவிட்டது. கடைசியில் ஸ்கேன் எடுத்தவர்கள், நாலாவது எலும்புக்கும் அஞ்சாவது எலும்புக்கும் நடுவே இருக்கிற ஜவ்வு தேய்ந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். இத்தனை வருஷம் மிதித்ததில் மிதிபலகையே தேய்கிறது, ஜவ்வு தேயாதா என்று மயில்வாகனம் அதை நியாயமாகவே எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் ஐயம்பேட்டை போகிற வழியில் அகில உலக முதுகுத்தண்டு ஒப்பாய்வு நிலையம் திறந்திருந்தார்கள். மூன்று மாடி. வாசலில் தண்ணீர் வராத நீரூற்று. அவர்களுக்குத் தேய்ந்த முதுகுகள் நூறு தேவைப்பட்டன. ஐம்பது பேருக்கு ஆபரேஷன் செய்து செயற்கை டிஸ்க் வைப்பார்கள். ஐம்பது பேருக்குக் கத்தியே இல்லாமல் உடற்பயிற்சியும் புத்திமதியும் கொடுப்பார்கள். இரண்டு வருஷம் கழித்து எது நல்லது என்று உலகத்துக்குச் சொல்வார்கள். எல்லாம் இலவசம். இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் காஞ்சிபுரத்தில் முந்நூறு பேருக்கு முதுகு வலித்தது. அதில் நிஜமாகவே வலித்த நூறு பேரைப் பொறுக்கி எடுக்கவே அவர்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது.

நிலையத்தின் இயக்குநர் டாக்டர் ஸ்ரீகர். சின்ன காஞ்சிபுரத்துப் பிள்ளை. பதினாறு வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர். அவர் மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பு நின்றுகொண்டிருந்தது. அது மட்டும்தான் அந்தக் கட்டடத்தில் வலி இல்லாத முதுகு.

"எது நல்லதுன்னு எங்களுக்குத் தெரியாது," என்று அவர் பெருமையாக ஆரம்பித்தார்.

மயில்வாகனம் வடிவாம்பாளைப் பார்த்தார். "பெரிய டாக்டரு நீங்க. உங்களுக்கே தெரியலன்னா எப்படி சார்?"

"அதுதான் விஞ்ஞானம், மிஸ்டர் மயில்வாகனம். சாதாரண டாக்டர்கிட்ட போனா, தனக்குத் தெரியாதுங்கறதே அவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியாதுங்கறது எங்களுக்கு ரொம்ப நல்லாத் தெரியும். அதுக்காகத்தான் மூணு மாடி கட்டியிருக்கோம்." கொஞ்சம் குனிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நமக்குள்ள சொல்றேன். ஆபரேஷன்தான் நல்லது. டிஸ்க் அனுப்பற கம்பெனிக்காரங்களே அப்படித்தான் சொல்றாங்க. ஆனா அதை நாங்க இன்னும் கண்டுபிடிக்கலை."

"முதுகைக் கிழிச்சு உள்ளே வெப்பீங்களா சார்?"

"சே, சே. முதுகைத் தொடவே மாட்டோம். வயித்தைத் திறந்து, குடலை ஓரமா ஒதுக்கிட்டு, முன்பக்கமாத்தான் போவோம்."

வடிவாம்பாளுக்குப் பொறுக்கவில்லை. "முதுகுவலிக்கு வயித்தை அறுப்பீங்களா? அப்ப தலைவலின்னு வந்தா காலையா அறுப்பீங்க?"

"நல்ல கேள்வி," என்றார் டாக்டர். நல்ல கேள்விகளுக்கு அவர் பதில் சொல்வதில்லை.

பிறகு முப்பத்து நாலு பக்கத்துக்கு ஒரு படிவம். அதை நிரப்பியவள் ஒருங்கிணைப்பாளர் லக்ஷணா. காலில் செருப்பு சத்தம் கேட்காமல் நடக்கிற, சிரித்த முகமாகவே இருக்கிற பெண். கேள்விகள் எங்கோ குளிர்நாட்டில் பிறந்து, மொழிபெயர்ப்பாகி வந்து சேர்ந்தவை. "வலி காரணமாகக் காலுறை அணிவதில் தங்களுக்குச் சிரமம் உள்ளதா?" மயில்வாகனம் பிறந்த நாளிலிருந்து காலுறை அணிந்தவரில்லை. "முடியாது" என்று பதிவாயிற்று. "கேளிக்கை விருந்துகளுக்குச் செல்வதைக் குறைத்துக்கொண்டீர்களா?" கார்த்திகையில் ஒரு கருமாதிச் சாப்பாட்டுக்குப் போகவில்லை என்றார். "மிகவும் குறைந்துவிட்டது" என்று எழுதினாள். பிறகு பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு, இந்த முனை வலியே இல்லை, அந்த முனை தாங்க முடியாத வலி, உங்கள் வலி எங்கே இருக்கிறது என்று குறிக்கச் சொன்னாள். மயில்வாகனம் நெசவாளி. அளவு விஷயத்தில் அலட்சியம் கிடையாது. ஸ்கேல் வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஏழு சென்டிமீட்டர் மூணு மில்லிமீட்டரில் நூல் பிடித்தமாதிரி ஒரு புள்ளி வைத்தார். அதற்கே கால் மணி நேரம் ஆனதால், உட்கார்ந்த வலியில் புள்ளியை எட்டுக்கு மாற்ற வேண்டி வந்தது.

எல்லாம் முடிந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்தாள். உள்ளே வரிசையாக ஒட்டிய கவர்கள். "உங்களுக்கு ஆபரேஷனா, எக்சர்சைஸான்னு நாங்க முடிவு பண்ண மாட்டோம் ஐயா. இந்த கவர் முடிவு பண்ணும்."

மயில்வாகனத்தின் முகம் அப்போதுதான் தெளிந்தது. இத்தனை நேரம் பேசியதில் அவருக்குப் புரிந்த முதல் விஷயம் அது. "திருவுளச்சீட்டா? அத மொதல்லயே சொல்லக்கூடாதாம்மா?"

இங்கே அவர் செய்த தப்பை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவர் தெருவில் அண்ணன் தம்பி வீடு பிரித்தால் திருவுளச்சீட்டு. திருவிழாவில் யார் மண்டகப்படி முந்தி என்று சண்டை வந்தால் திருவுளச்சீட்டு. எடுத்த பிறகு பேச்சு கிடையாது. அவருக்கே அப்படித்தான் ஜன்னல் இல்லாத மேற்கு அறை வந்தது. இருபது வருஷமாக இருட்டில் சாப்பிட்டாரே தவிர, வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. லக்ஷணாவின் படிவத்தில் பதினோராம் பக்கத்தில், "தாங்கள் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்" என்று அச்சடித்திருந்தது. அதை அவர் நம்பவில்லை. சாமி சீட்டிலிருந்து எவன் விலகுவான்?

கற்பூரம் ஏற்றட்டுமா என்று கேட்டார். புகை பட்டால் மூன்று மாடியிலும் மணி அடிக்கும், வேண்டாம் என்றாள். கண்ணை மூடி முருகா என்றார். பதினேழாம் நம்பர் கவர். பிரித்தால்: ஆபரேஷன்.

வெளியே வந்ததும் வடிவாம்பாள் பிடித்துக்கொண்டாள். காலையில்தான் குமரகோட்டத்தில் பூ வைத்துக் கேட்டிருந்தாள். வெள்ளைப் பூ வந்தால் கத்தி வேண்டாம், சிவப்பு வந்தால் கத்தி. வெள்ளைதான் வந்தது.

"முருகன் வேணாம்னு சொல்லிக்கினு இருக்கான். அந்தப் பொண்ணு கவருல வேணும்னு வந்தா, அதுதான் பெருசா உனுக்கு?"

"கை நீட்டி வாங்கிட்டேன் வடிவு. எடுத்த சீட்டை மாத்தினா குலத்துக்கு ஆவாது."

"குலம் கெடக்குது. வயிறு உன்னுதுபா!"

அவருக்கும் பயம்தான். ஆனால் பயந்தவன் வார்த்தை தவறலாம் என்று எங்கேயும் எழுதவில்லையே.

பதினெட்டாம் நம்பர் கவரை எடுத்தவர் சக்ரவர்த்தி. பெயர்தான் சக்ரவர்த்தி, வேலை, சின்ன காஞ்சிபுரத்தில் வரதர் கோயில் வாகனங்களைத் தோளில் சுமப்பது. தாத்தா காலத்திலிருந்து ஸ்ரீபாதம் தாங்குகிற குடும்பம். நாற்பத்திரண்டு வயசில் அவருக்கும் அதே நாலாவது அஞ்சாவது எலும்பு. போன வைகாசி கருட சேவையில் வாகனத் தண்டுக்குத் தோள் கொடுக்க முடியாமல், கூட்டத்தோடு நின்று கோபுர வாசலில் பெருமாளைப் பார்த்திருக்கிறார். "நாப்பது வருஷத்துல அன்னிக்குத்தான் அடியேன் கருடனை நேரே பார்த்தேன் முதலியாரே. எப்பவும் கீழேயிருந்து தண்டுதான் தெரியும்," என்றார். சொல்லும்போது கண் கலங்கியது. அவருக்கு ஆபரேஷன் வேண்டும். சட்டென்று முடித்துக்கொண்டு அடுத்த வைகாசிக்குத் தோள் கொடுக்க வேண்டும். கவரிலோ உடற்பயிற்சி என்று வந்திருந்தது.

"நாங்க ரெண்டு பேரும் மாத்திக்கட்டுமாம்மா?" என்று லக்ஷணாவிடம் கேட்டார் சக்ரவர்த்தி.

அவள் சிரிப்பு முதல்முறையாக நின்றது. "ஐயோ சார், அது ப்ரோட்டோகால் வயலேஷன். நீங்க ரெண்டு பேரும் பேசவே கூடாது. க்ரூப் கலந்துடும்."

அன்றிலிருந்து காத்திருக்கும் கூடத்தின் நடுவே ஒரு சிவப்புக் கயிறு கட்டினார்கள். இந்தப் பக்கம் ஆபரேஷன், அந்தப் பக்கம் உடற்பயிற்சி. கயிற்றைத் தாண்டி விசாரிப்பது தடை. கழிப்பறை உடற்பயிற்சிப் பக்கம் இருந்ததால், ஆபரேஷன்காரர்கள் அங்கே போய்வர ஒரு காவலாளி துணைக்கு வந்தார்.

மயில்வாகனத்தை முதல் தடவை ஆபரேஷனுக்கு வரச்சொன்ன நாளில், முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி போட்டு, பச்சை அங்கி மாட்டி, தள்ளுவண்டியில் படுக்க வைத்துவிட்டு, டிஸ்க்கைப் பிரித்துப் பார்த்தார்கள். ஆறரை அடி மனுஷர்களுக்குச் செய்தது. டாக்டர் ஸ்ரீகர் அதை ஸ்கேனில் வைத்து வைத்துப் பார்த்தார்.

"டிஸ்க் சரியாத்தான் இருக்கு. உங்க முதுகுதான் சைஸ் தப்பு," என்றார்.

மயில்வாகனம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டார்.

இரண்டாவது டிஸ்க் சென்னைத் துறைமுகத்தோடு நின்றது. இரண்டு உலோகத் தட்டு, நடுவே ஒரு பிளாஸ்டிக் குமிழ். இது இயந்திர உதிரிப் பாகமா, மனித உறுப்பா என்று சுங்க அதிகாரிகளுக்குச் சந்தேகம். இயந்திரம் என்றால் எந்த இயந்திரம் என்று கேட்டார்கள். உறுப்பு என்றால் இறந்தவர் சான்றிதழ் கேட்டார்கள். பெட்டி நாலு மாதம் அங்கேயே இருந்தது. அதற்கும் பிறகு ஒரு நாள் குறித்தபோது, ஆபரேஷன் அறையில் கருத்தரங்கு நடந்துகொண்டிருந்தது. தலைப்பு: "அறுவைக்காகக் காத்திருப்போரின் மனநிலை". மயில்வாகனத்தைப் பச்சை அங்கியோடு உள்ளே கூப்பிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். பசிக்கிறது என்றார். குறித்துக்கொண்டார்கள்.

இப்படி ஓடின எட்டு மாதத்தில் நிலையத்தின் கண்ணில் படாமல் ஒரு காரியம் நடந்தது. கயிறு கூடத்தில்தான் இருந்தது, ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் இல்லை. சக்ரவர்த்தியும் மயில்வாகனமும் அதில் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்துதான் ஊருக்குத் திரும்புவார்கள். பயிற்சி சொல்லித் தருகிற அந்தோணி என்பவர் அன்றைக்குச் சொன்னதையெல்லாம் சக்ரவர்த்தி ஆட்டோவிலேயே செய்து காட்டுவார்.

"வலிக்குதேன்னு படுத்துடாதீங்கன்றார் முதலியாரே. வலியோடயே கொஞ்சம் கொஞ்சமா அசையணுமாம். ஜவ்வு தேய்ஞ்சா தேய்ஞ்சதுதான். சுத்தி இருக்கிற சதை தாங்கிக்குமாம்."

"நீ செய்யறியா சாமி?"

"செய்யறேன், செய்யறேன்," என்று வெளியே பார்த்தார் சக்ரவர்த்தி. ஒரு வருஷம் பாரம் சுமக்கக் கூடாது என்று அந்தோணி சொல்லியிருந்தார். அவரோ மாதத்துக்கு ஒரு சுவாமி புறப்பாட்டில் யாருக்கும் தெரியாமல் பின்தண்டில் தோள் கொடுத்துக்கொண்டிருந்தார். ஏறின வலி ஏறினபடியே இருந்ததில் என்ன ஆச்சரியம்?

மயில்வாகனம் செய்தார். வேறு வேலை இல்லாதவர், என்ன செய்வார்? காலையில் பாதிப் பிள்ளையார்பாளையம் சுற்றினார். பிறகு முழுசும் சுற்றினார். பிறகு கூரம் ரோட்டில் பாலம் வரைக்கும் போய்வந்தார். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கினார். வடிவாம்பாள் கதவைச் சாத்தினாள். தறிப்பள்ளத்தில் உட்காருகிற பலகையை நாலு விரல் உயர்த்தினார். முதலில் பத்து நிமிஷம், எழுந்து ஒரு நடை. பிறகு கால் மணி. ஒரு சாண் நெய்தால் எழுந்துவிட வேண்டும் என்று தனக்கே சட்டம் போட்டுக்கொண்டார். எட்டாவது மாதம், ஆவணி முடியும்போது, ஒரு முழுச் சேலை தறியிலிருந்து இறங்கியது. வலி போய்விடவில்லை; பழையபடி பங்காளி ஆகிவிட்டது. வடிவாம்பாள் சேலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அவரும் அழுதார்.

நல்ல சேதியை முதலில் ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும் என்று அந்த அப்பாவி இனிப்பு வாங்கிக்கொண்டு போனார்.

"யாரைக் கேட்டு குணமானீங்க?" என்றார் டாக்டர் ஸ்ரீகர்.

"தானா ஆயிடுச்சு சார்."

"தானா ஆகறதுக்கு இந்த ஆய்வுல இடமே கிடையாது. ரெண்டே பிரிவுதான். உங்களுக்கு ஆபரேஷன் ஒதுக்கியிருக்கு." எழுந்து ஜன்னல் வரைக்கும் நடந்தார். திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. "ஒதுக்கியிருக்கு! மிஸ்டர் மயில்வாகனம், விஞ்ஞானத்துல ஒரு விதி இருக்கு. யாருக்கு எது நடந்ததுன்னு பார்க்கக் கூடாது. யாருக்கு எது ஒதுக்கினோமோ, அதுலதான் சேர்க்கணும். ஒருத்தரும் ஏமாத்தக் கூடாதுங்கறதுக்காகப் பெரியவங்க வெச்ச விதி. நீங்க ஆபரேஷன் பிரிவு. உங்களுக்கு வந்த நன்மை எல்லாம் ஆபரேஷனோட நன்மை."

"எனக்குத்தான் ஆபரேஷனே பண்ணலியே சார்?"

"அது நடைமுறைத் தாமதம். முடிவைப் பாதிக்காது."

மயில்வாகனம் யோசித்தார். "இப்ப நான் வெளிய போறேன், பஸ்ஸுல அடிபட்டுட்டேன்னு வெச்சிக்கங்க?"

"ஆபரேஷனோட பக்கவிளைவு," என்றார் டாக்டர் தயங்காமல்.

வீட்டில் இதைக் கேட்ட வடிவாம்பாள், "தாலியே கட்டல, சீமந்தத்துக்கு நாள் பாக்கறாங்களா?" என்றாள். ஆனால் கத்தி இனி வயிற்றுக்கு வராது என்றதில் அவளுக்கு நிம்மதி. மயில்வாகனத்துக்கும் நிம்மதிதான். எடுத்த சீட்டையும் மீறவில்லை, வயிறும் முழுசாக இருந்தது. அந்த நிம்மதிதான் அவர் வாயைக் கட்டிப்போட்டது. அதற்காகப் பின்னால் அவர் தன்னை மன்னிக்கவே இல்லை.

அடுத்த கட்டம் மதிப்பீடு. மதிப்பீட்டாளர் பஞ்சாட்சரம் ஓய்வுபெற்ற சுகாதார அதிகாரி. வந்தவருக்கு ஆபரேஷன் ஆனதா, பயிற்சியா என்று அவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் பாரபட்சம் வந்துவிடும். அதனால் தழும்பு இருக்கிறவர், இல்லாதவர் எல்லோருக்கும் அடிவயிற்றில் ஒரு முழத்துக்கு வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி உள்ளே அனுப்பினார்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது," என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டார் பஞ்சாட்சரம். "முப்பது வருஷம் அரசாங்கத்துல இருந்தேன். அங்கேயும் தெரியாது. ஆனா அதை அங்க யாரும் மதிக்கல. இங்கதான் அதுக்கு ஒரு தனி ரூம் குடுத்திருக்காங்க. குனிங்க பார்க்கலாம்."

மயில்வாகனம் குனிந்து கால் கட்டைவிரலைத் தொட்டார். "பிரமாதம்," என்று எழுதிக்கொண்டார் பஞ்சாட்சரம்.

ஒட்டின பிளாஸ்திரியை மூன்று நாள் எடுக்கக் கூடாதாம். வேட்டிக்கு மேலே அது வெள்ளையாகத் தெரிந்தது. அது போதாதா? மயில்வாகனத்துக்கு வயிற்றைத் திறந்து வெளிநாட்டு டிஸ்க் வைத்துவிட்டார்கள், ஆள் எழுந்து தறியில் உட்கார்ந்துவிட்டார் என்று பிள்ளையார்பாளையம் முழுக்கப் பேச்சு. துரைக்கண்ணு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். "ஆபரேஷன் பண்ணலபா," என்று இவர் சொல்லச் சொல்ல, "திருஷ்டி படும்னு மறைக்கிறே, சரி சரி," என்று அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பங்குனியில் கல்யாண மண்டபம் ஒன்றைப் பிடித்து இடைக்கால வெற்றி விழா வைத்தார்கள். டிஸ்க் கம்பெனியிலிருந்து இரண்டு வெள்ளைக்காரர்கள் மாலையோடு வியர்த்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் மயில்வாகனம். இரண்டு நாள் முன்னாடி அடுத்த மதிப்பீடு ஆகியிருந்ததால் வயிற்றில் புதுப் பிளாஸ்திரி. பட்டு நெய்கிறவருக்கு மெஷினில் நெய்த ஆர்ட் சில்க் பொன்னாடை போர்த்தினார்கள்.

விழா தொடங்குமுன் சக்ரவர்த்தி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் கல்யாணக் களை. "முதலியாரே, அடியேனும் கையெழுத்துப் போட்டுட்டேன். ஆய்வுலேருந்து விலகினா தனியா பண்றேன்னு டாக்டர் சொல்லிட்டார். உங்களுக்குன்னு துறைமுகத்துலேருந்து வந்த டிஸ்க் அப்படியே இருக்காம். அதையே வெக்கறாராம். வைகாசிக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்குதே!"

மயில்வாகனம் அவரை ஓரமாக இழுத்தார். "சாமி, எனக்கு அறுக்கவே இல்ல. நீ சொல்லிக் குடுத்ததைத்தான் நான் செஞ்சேன்."

"அதை அடியேன் ஒரு வருஷமா செய்யறேனே. எனக்கு ஆகலை, உங்களுக்கு ஆச்சு. ஏன்? உங்களுக்கு உள்ளே டிஸ்க் இருக்குது."

"நீ தண்டு தூக்கிக்கினு இருந்தே, அதனால ஆவல! அந்தப் படிவத்துல இருபத்தொம்பதாம் பக்கம் பார்த்தியா? டிஸ்க் வெச்சா ஆயுசுக்கும் பளு தூக்கக் கூடாதுன்னு போட்டிருக்குது."

சக்ரவர்த்தி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "பளு தூக்கக் கூடாதுன்னுதானே போட்டிருக்கு? பெருமாள் பளுவா முதலியாரே?"

அதற்குப் பதில் உலகத்தில் எந்த டாக்டருக்கும் தெரியாது.

டாக்டர் ஸ்ரீகர் பேசினார். திரையில் இரண்டு கோடுகள் ஓடின. "ஆபரேஷன் ஆனவர்களில் பலர் நலம். பயிற்சி செய்தவர்களிலும் பலர் நலம். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசம் முக்கியமானதா என்று கேட்பார்கள். முக்கியம் என்று நாங்கள் முடிவு செய்ததால்தான் இந்த மண்டபத்தைப் பிடித்தோம். எண்களை விடுங்கள். பதினேழாம் எண்ணைப் பாருங்கள். இதோ, மயில்வாகனம்!"

மைக்கைக் கையில் கொடுத்தார்கள். ரெண்டு வார்த்தை நன்றி சொல்லச் சொல்லி லக்ஷணா எழுதியே கொடுத்திருந்தாள். மயில்வாகனம் அந்தச் சீட்டைப் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையில் முகம் மலர உட்கார்ந்திருந்த சக்ரவர்த்தியைத்தான் பார்த்தார்.

"ஐயா, எல்லாரும் கேளுங்க. எனக்கு ஆபரேஷனே பண்ணல. உள்ள ஒண்ணும் வெக்கல. நானா நடந்தேன், நானா குனிஞ்சேன், பலகையை ஒசத்திப் போட்டேன். அவ்ளோதான். நம்பலன்னா பாருங்க!"

பொன்னாடையைத் தள்ளினார். பிளாஸ்திரியின் நுனியைப் பிடித்து, வந்த முடியெல்லாம் வரட்டும் என்று ஒரே இழுப்பில் உரித்தார். நாற்பத்தொன்பது வயசு வயிறு. தொப்புள் இருந்தது. வேறு ஒரு கீறல் இல்லை. மண்டபமே எழுந்து எட்டிப் பார்த்தது. அப்பாடா, பிழைத்தான் சக்ரவர்த்தி என்று நினைத்தார் மயில்வாகனம்.

டாக்டர் ஸ்ரீகர் மூன்றே வினாடியில் மேடை முனைக்கு வந்தார்.

"பார்த்தீர்களா!" என்று அவர் குரல் தழுதழுத்தது. "நன்றாகப் பாருங்கள்! தழும்பைத் தேடுங்கள்! இதைவிட ஒரு டாக்டருக்கு என்ன சான்றிதழ் வேண்டும்? ஆபரேஷன் நடந்ததே நோயாளிக்குத் தெரியவில்லை!"

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கை தட்டினார்கள். வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்றே தட்டினார்கள். மயில்வாகனம் மைக்கில் என்னென்னவோ கத்தினார். அதை ஏற்கெனவே அணைத்துவிட்டார்கள். கீழே இறங்கியதும் ஜனங்கள் சூழ்ந்துகொண்டு அவர் வயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சக்ரவர்த்தி அந்தக் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, வாகன மண்டபத்தில் தண்டைத் தடவுகிற மாதிரி, அந்த வெறும் வயிற்றைத் தடவிப் பார்த்தார். "தழும்புகூட இல்லையே," என்றார். "அடியேனுக்கும் இதே மாதிரி பண்ணச் சொல்லுங்க."

சித்திரை முதல் வாரம் ஒரு புதன்கிழமை காலை எட்டு மணிக்குச் சக்ரவர்த்தியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். மயில்வாகனம் முந்தின நாள் வரைக்கும் போய்க் கெஞ்சினார். கடைசியில் தறியை விட்டுவிட்டு, ஆபரேஷன் அறை வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டார். அவருக்குப் பக்கத்தில் சக்ரவர்த்தியின் மனைவி குமுதவல்லி, மடியில் துளசி மாலை. கூடத்தில் புதிதாக நாற்பது பேர். எல்லோருக்கும் பதினேழாம் நம்பருக்கு வைத்ததே வேண்டுமாம்.

பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. குமுதவல்லி கதவுக்கு மேலே எரிகிற சிவப்பு விளக்கைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு தாங்க மாட்டாமல் இவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

இந்த நேரத்தில் அவளிடம் பொய் சொல்லலாம், அது பாவம் ஆகாது. இரண்டு மணி, மூன்று மணி என்று ஏதாவது சொன்னால் அவள் கொஞ்சம் மூச்சு விடுவாள். ஆனால் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்த பாவம் போதும் என்று தோன்றியது.

"எட்டு மாசம் ஆச்சும்மா," என்றார்.